முதுகில் வைத்த கை

என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஆப்பிள் பையோடு வருகிறார்கள். உட்கார்ந்து, விசிறியைப் பார்த்து, மழையைத் திட்டி முடித்ததும், "அப்படி என்னதான் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். என் கணவரைப் பார்த்துத்தான். அவரும் சொல்ல ஆரம்பிக்கிறார். அவர் சொல்லும் கதையில் ஒவ்வொரு முறையும் எனக்கு வலி கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் நாலு வீட்டார் வந்து போனால் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அதற்குள் நானே எழுதிவிடுவது உத்தமம்.

நான் இருப்பது செம்பூர். மாதுங்காவில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. பிறந்து வளர்ந்தது தாராவியில். பெற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ்ச் சங்க மலரில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவள் என்று சிலருக்குத் தெரியும். படித்துச் சிரித்ததாக இதுவரை யாரும் புகார் செய்ததில்லை.

ஆரம்பம் குர்லா ஸ்டேஷனில். செம்பூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி, பாலம் ஏறி, மாதுங்காவுக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். அன்று நல்ல மழை. பெண்கள் பெட்டியில் எனக்கு அபூர்வமாக ஓர் இடம் கிடைத்தது. உட்காரும் இடமில்லை, அதற்கெல்லாம் முற்பிறவிப் புண்ணியம் வேண்டும். தடுப்புத் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் இடம். வண்டி கிளம்பியது. யாரோ என் முதுகில் கை வைத்தார்கள்.

இடிக்கவில்லை, தள்ளவில்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையை விரித்து, பொறுமையாக வைத்த கை. ஈரத்துணிக்கு அடியில் இருப்பதுபோலச் சில்லென்றிருந்தது. "கையை எடும்மா" என்று இந்தியில் சண்டைக்கு ஆயத்தமாகித் தலையைத் திருப்பினேன். பின்னால் தகரம். எனக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு தபால் கார்டு நுழையாது. தகரத்தில், வசியம், செய்வினை, பிரிந்த காதல் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யும் பாபா ஒருவரின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சயான் ஸ்டேஷனைத் தாண்டும்போது கை இன்னும் கொஞ்சம் அழுத்தியது. கீழ்த்தாடை கனத்தது, எந்தப் பல் என்று சொல்லமுடியாத ஒரு பல்வலி. மழைக் குளிரில் நெற்றி வேர்த்தது. மாதுங்காவில் இறங்கி, நடைமேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி போயிற்று. கூட்டம் போயிற்று. கை போகவில்லை. அவசரமில்லாத ஒருத்தர் என்னோடு நிற்பதுபோல அது நின்றது. பிறகு தானாக எடுத்துக்கொண்டது.

அடுத்தடுத்த நாட்களில் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. மாடிப்படி ஏறும்போது. தண்ணீர் வாளியைத் தூக்கும்போது. ஒரு மத்தியானம் சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது. கணவரிடம் சொன்னேன்.

"ஏங்க, பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு."

நல்ல மனிதர். எனக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லியே வடிவு" என்றார்.

செம்பூரில் அவருக்குத் தெரிந்த நர்சிங் ஹோம் ஒன்று உண்டு. அங்கே போனோம். கூடவே அவருடைய அக்காவும் வந்தாள். தாராவியில் இருக்கிறாள், எனக்கு மைனி. எங்கள் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மைனி துணைக்கு வருவது எழுதாத சட்டம். ஒரு தூக்குச்சட்டி, ஒரு பெட்ஷீட், மாற்றுச் சேலை, எல்லாரையும் அதட்டும் குரல் இவற்றோடு வருவாள்.

டாக்டர் என் கணவரைப் பார்த்து இந்தியில் கேட்டார். "இவங்களுக்கு நெஞ்சுவலி இருக்கா?"

என் கணவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "நெஞ்சு வலிக்குதா வடிவு?"

"நெஞ்சு வலிக்கல. முதுகுல யாரோ உள்ளங்கைய விரிச்சு வச்சு, மெதுவா அழுத்துற மாதிரி இருக்கு. தாடை கனக்குது. நாலு படி ஏறினா மூச்சு நிக்குது. வேர்க்குது."

என் கணவர் டாக்டரிடம் திரும்பினார். "இல்ல சாப். கேஸ்."

டாக்டருடைய நேரம் பொன்னானது, சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்பது என் கணவர் கொள்கை. தந்தி ஆபீசில் இருந்திருக்க வேண்டியவர், ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கராகிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. பகல் முழுவதும் கடன் கட்டாதவர்களோடு இந்தியிலும் மராத்தியிலும் மல்லுக்கு நிற்கிறவள் நான். அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் கணவரிடம் மட்டும் பேசத் தெரிந்தது. எங்கள் பெண்கள் எல்லாரும் இப்படித்தான். டாக்டருக்கு நேராகப் பதில் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் எதற்கு என்று ஆகிவிடுமாம். அவர் கௌரவத்துக்காக நாங்கள் சற்று நேரம் ஊமையாகிறோம்.

ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின்சாரச் சிலிர்ப்பை அனுப்புகிறது. கை கால்களிலும் நெஞ்சில் குறிப்பிட்ட சில இடங்களிலும் ஒட்டுகளை ஒட்டி, அந்தச் சிலிர்ப்பைக் கோடாக வரைவதுதான் ஈசிஜி. எடுக்க வந்தவன் ஒல்லியாக, மீசை வைத்த இளைஞன். மைனி உடனே எழுந்து திரைக்கு உள்ளே வந்துவிட்டாள்.

"ஏட்டி, ஹூக்க அவுக்காத."

"நெஞ்சுல ஒட்டணுமாம் மைனி."

"மேல கொஞ்சம் இருக்கு, கீழ கொஞ்சம் இருக்கு. அங்கன ஒட்டச் சொல்லு. ஆம்பளப் பய நிக்கான்." பெட்ஷீட்டை என் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.

அந்த இளைஞனும் மரியாதையான வீட்டுப் பையன்போல. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்ஷீட்டுக்கு அடியில் கையை விட்டு, ரவிக்கை முடிகிற இடத்துக்குக் கீழே எது அகப்பட்டதோ அங்கே ஒட்டினான். நானும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. பெண் சுதந்திரம் பற்றி மலரில் மூன்று பக்கம் எழுதியவளுக்கு இரண்டு ஹூக் கழற்ற முடியவில்லை.

கோடு அழகாக வந்திருந்தது. "முற்றிலும் நார்மல்" என்றார் டாக்டர், என் கணவரிடம். இந்த வயதில் பெண்களுக்கு இப்படி எல்லாம் தோன்றும், கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். வயிற்றுக்கு மாத்திரை எழுதினார். வெளியே வந்ததும் கணவர் சந்தோஷத்தில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே கை வந்து வைத்தது. நார்மல் என்று சொல்லிவிட்ட பிறகு அதைப் பற்றிப் பேசுவது எனக்கே மரியாதைக்குறைவாகப் பட்டது.

கொஞ்ச நாள் கழித்து மைனி போன் செய்தாள். செல்வராணி போய்விட்டாள்.

செல்வராணி என்னோடு தாராவி முனிசிபல் பள்ளியில் படித்தவள். நான் வங்கிக்குப் போனேன், அவள் தையல் மெஷினுக்குப் போனாள். மைனி வீட்டுக்கு எதிர் வரிசையில்தான் வீடு. என் வயதுதான். நான் அங்கே போனபோது உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்துக்குள் பெண்கள் மட்டும் இருந்தோம். மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரே நிறமாக இருந்தது. அவளுடைய மகள் ஜெயா, குர்லாவில் மொபைல் கடையில் வேலை பார்க்கிறவள், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிட்டி ஆச்சு?" என்று கேட்டேன்.

"கேஸுன்னுதான் சொன்னாங்க சித்தி. ஈசிஜி கூட எடுத்தோம், நல்லாருக்குன்னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு வாரமாவே அம்மா ஒரு மாதிரிதான் இருந்தா. பின்னாடி யாரோ நிக்காவ ஜெயா, முதுகுல கையை வச்சுக்கிட்டே நிக்காவன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான், யாரும் இல்லம்மா, போய்ப் படுன்னேன்."

நான் மைனியைப் பார்க்கவில்லை. மைனி என்னைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, கூட்டத்துக்கு நடுவே, அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, கை என் முதுகுக்கு வந்தது. இந்த முறை புதிதாக வந்த கைபோல இல்லை. அந்த வீட்டை அதற்கு முன்பே தெரியும்போல இருந்தது.

சந்து முனை வரைக்கும் மைனி முன்னால் நடந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீயும் அதத்தானட்டி சொன்ன?"

"ஆமா மைனி."

"அவளத் தொட்ட கை. இப்ப உன்னத் தொட்டிருக்கு."

செம்பூருக்குப் போகவிடாமல் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். குளிக்கவைத்தாள். வாசலைப் பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் எடுத்துச் சுற்றினாள். என்னைத் துப்பச் சொன்னாள். அடுப்பில் போட்டாள். திருஷ்டி இல்லாவிட்டால் மிளகாய் நெடியில் தெருவே இருமவேண்டும். நெடி வரவே இல்லை. மைனியின் முகம் வெளுத்துவிட்டது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. நிறுத்திப் பார்த்து, அப்போதும் நெடி வராவிட்டால்?

அங்கே ஈரத்தலையோடு உட்கார்ந்து யோசித்தேன். ஓரளவு படித்தவள், ஆனாலும் பயம்தான். இரண்டு பேர். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குத் தெரியாது. அவள் சொன்ன வார்த்தையே நான் சொன்ன வார்த்தை. கதைகளில் பேய்கள் ஆளுக்கொரு விதமாக வரும். ஒருத்திக்குச் சலங்கை, ஒருத்திக்கு மல்லிகை வாசம். இது எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வது நோய்தான்.

அந்த எண்ணம் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். பேயாக இருந்தால்கூடப் பேரம் பேசலாமே என்றுதான் தோன்றியது.

"ஈசிஜி நார்மல்னு சொல்லியாச்சே வடிவு" என்றார் கணவர், நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றதும்.

"செல்வராணிக்கும் நார்மல்தான்."

அவர் எழுந்தார். போய் மழைக்கோட்டை எடுத்தார்.

அது ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. எழுதாத சட்டப்படி மைனியும் கூட வந்திருந்தாள். இதயப் பிரிவின் காத்திருப்பு அறை தரைமட்டத்துக்குக் கீழே. மத்தியானமா, சாயங்காலமா என்று தெரியாத டியூப்லைட் வெளிச்சம். சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் டை கட்டிய, மீசை வைத்த ஒரு ஆண், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தார். நாற்காலிகளில் பாதிக்குமேல் பெண்கள். சுவரில் ஒருத்திகூட இல்லை. இதயம் மீசையோடு பிறக்கும் உறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் கல்யாணமான பெண்ணின் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் வரும். ஒலிபெருக்கியில் என் பெயர் பாதி விழுங்கப்பட்டு, "துரைராஜ்" மட்டும் வந்தது. அவர் எழுந்து போனார். ரத்தம் எடுக்கிற பெண் அவருடைய சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசியையும் எடுத்துவிட்டாள். அவரும் மறுக்கவில்லை, டாக்டருடைய நேரம் பொன்னானதல்லவா. உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கணம், அவர்தான் நோயாளி, நான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டேன், பழக்கத்தால் கூட வந்திருக்கிறேன் என்று தோன்றியது. எல்லாம் பொருந்தித்தான் வந்தது. நான் பேசினால் யாருக்கும் கேட்பதில்லை. என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னைப் பார்ப்பதில்லை. நான் நார்மல் என்று காகிதம் இருக்கிறது.

"அவருக்கு இல்ல, எனக்கு" என்று இந்தியில் கத்தினேன். அந்தப் பெண் பயந்து ஊசியைக் கீழே வைத்தாள்.

ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். வரிசையில் இருந்த பெண்களில் பலர் நாற்காலியில் சாயவில்லை. குஜராத்திக்காரி ஒருத்தி, பர்தா போட்ட ஒருத்தி, மூக்குத்தி போட்ட மராத்திக்கார அம்மா ஒருத்தி. எல்லாரும் சற்று முன்னே தள்ளி, விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் முதுகுக்குப் பின்னால் யாருக்கோ இடம் விட்டிருப்பதுபோல. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு மராத்திப் பெண். தூக்கம் போதாத கண்கள். என் கணவர் வழக்கம்போலத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. இனி அவங்க சொல்லட்டும்" என்றாள். என்னிடம் நெஞ்சுவலி இருக்கிறதா என்று அவள் கேட்கவே இல்லை. "போன மாசம் செய்ய முடிஞ்சது, இந்த மாசம் எதெல்லாம் செய்ய முடியல?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னேன். குர்லா பாலம். வாளி. சிங்க். கை. இந்தியிலேயே, நேராக அவளைப் பார்த்து. என் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதெல்லாம் அப்போதுதான் முதல்முறையாகத் தெரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது.

பழைய ஈசிஜியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் டாக்டர். "எடுக்கும்போது ரவிக்கை போட்டிருந்தீங்களா?"

மொழிபெயர்த்தேன். மைனிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு ஹூக்கக்கூட அவுக்க விடலியே நான்! சொல்லு அவகிட்ட."

சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. மைனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விளக்கினாள். ஒட்டு ஒட்டுகிற ஒவ்வொரு இடமும் இதயத்தைப் பார்க்கிற ஒரு ஜன்னல். இடம் தவறினால் வேறு எதையோ பார்த்துவிட்டு வரும். சரியாக எடுத்தாலுங்கூட, வலி இல்லாத நேரத்தில் கோடு ஒழுங்காக இருந்துவிடலாம். ஒரு காகிதத்தை நம்பி அனுப்பக்கூடாது. எனக்குப் புரிந்தவரை, நாங்கள் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, முன்னறையில் திருடன் இல்லை என்று எழுதி வாங்கியிருந்தோம். முதுகு, தாடை, மூச்சு, வேர்வை, காரணமில்லாத அசதி என்று பெண்களுக்கு இப்படியும் வரும், நெஞ்சில் வலி இல்லாமலேகூட வரும் என்றாள். படிக்கும்போது அதை வழக்கத்துக்கு மாறான அறிகுறி என்று சொல்லித்தந்தார்களாம். பாதி உலகம் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது.

திரும்ப ஈசிஜி. இங்கேயும் எடுக்கிறவர் ஓர் ஆண்தான். டாக்டரே ஒட்டுகிறேன் என்று வந்து, அவரைத் திரைக்கு வெளியே மெஷினோடு நிற்கச் சொன்னாள். மைனி உள்ளே நின்றாள். என் விரல்கள் ஹூக்கில் நின்றுவிட்டன. அப்போது கை வந்தது. படுக்கையில் மல்லாந்து கிடக்கிறேன், முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே அது இருக்கிறது. கீழேயிருந்து என்னைத் தாங்கிக்கொண்டிருப்பதுபோல.

"மைனி, வந்துட்டு" என்றேன்.

மைனி கிட்டே வந்தாள். "நவுரு" என்று என் விரல்களை விலக்கினாள். தன் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டாள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்கிற நம்பிக்கையோடு ஒவ்வொரு ஹூக்காகக் கழற்றினாள். ஏதோ பாராயணம் முணுமுணுத்தாள்.

கோடு வந்ததும் டாக்டர் வெளியே பார்த்து யாரையோ வேகமாகக் கூப்பிட்டாள். நாற்காலியில் காத்திருந்த நோயாளி திடீரென்று சக்கரப் படுக்கைக்கு மாறினேன். நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். தலை விண்ணென்று தெறித்தது. எடுத்த ரத்தத்தில் ட்ரோபோனின் என்று ஒன்று கூடியிருந்தது. இதயத்தின் தசை நோகும்போது ரத்தத்தில் கசிகிற பொருளாம். என் இதயம் வாரக்கணக்கில் கசிந்து கசிந்து கடிதம் போட்டிருக்கிறது. நாங்கள் வயிற்றுக்கு மாத்திரை போட்டிருக்கிறோம்.

உடனே ஆஞ்சியோ என்றார்கள். மணிக்கட்டு நாளத்தின் வழியாக நூல்போன்ற குழாயை இதயம்வரை அனுப்பி, மருந்தைப் பீய்ச்சி, அடைப்பு எங்கே என்று படம் பிடிப்பது. அதற்குக் கணவர் கையெழுத்துப் போட்டார். என் மணிக்கட்டு, என் இதயம், என்னிடமும் பேனாவைக் கொடுங்களேன் என்றேன். இடம் இல்லை என்றார்கள். ஓரத்தில் போட்டேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது கணவர் கூடவே ஓடிவந்தார். கதவில் அவரை நிறுத்திவிட்டார்கள். "வடிவு" என்றார். எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறவர், அன்று அதற்குமேல் சுருக்க முடியவில்லை.

உள்ளே குளிர். மயக்கம் கொடுக்கவில்லை. பக்கத்தில் டிவிபோல ஒரு திரை. அதில் சாம்பல் நிறத்தில் ஒன்றும் இல்லாத இடம். மருந்து பாய்ந்ததும், அங்கே ஒரு மரம் தோன்றியது. கறுப்பு மரம், இலையில்லாமல், ஆடிக்கொண்டிருக்கிற மரம். ஒரு நொடி நின்று கரைந்துபோனது. திரும்பப் பாய்ந்தது, திரும்பத் தோன்றியது. அதன் பெரிய கிளை ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. யாரோ இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்திருப்பதுபோல.

"அது யாருடையது?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். முகமூடி போட்டிருந்த டாக்டர், "உங்களோடதுதான்" என்றார்.

அடைத்த இடத்தில் சின்ன பலூனை ஊதி, விரித்து, அங்கே ஒரு கம்பிச் சுருளைப் பொருத்துவார்கள். அதுதான் ஸ்டென்ட். பலூன் ஊதும்போது கொஞ்சம் வலிக்கும், சொல்லுங்கள் என்றார்கள். ஊதினார்கள். கை வந்தது. எந்த நாளும் இல்லாத பலத்தோடு, இரண்டு கையாக, முழு உடம்பின் கனத்தோடு வந்தது. பின்னால் நிற்கிற ஆளின் மூச்சுகூடப் பிடரியில் படும்போல இருந்தது. செல்வராணி கடைசியாக அறிந்தது இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு யாரும் பலூனை இறக்கவில்லை.

"வலிக்குதா?" பதில் சொல்ல அந்த அறையில் என் வீட்டார் யாரும் இல்லை.

"வலிக்குது" என்றேன். இந்தியில், மராத்தியில், தமிழில்.

பலூனை இறக்கினார்கள். கை எடுபட்டது. ஒவ்வொரு விரலாக, சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல்வரை, எடுபட்டது. அதன்பிறகு வரவில்லை.

வார்டுக்கு வந்ததும் உலகத்துப் பிரியமெல்லாம் என் கட்டிலைச் சுற்றி வந்தது. இன்ஷூரன்ஸ்காரர்களோடு போனில் கணவர் முதல்முறையாக நீளமாகப் பேசினார், அதிலும் கோபமாக. மணிக்கட்டில் கட்டு இருந்ததால் எனக்குத் தலை பின்னிவிட்டார். அது மேம்பால வேலை நடக்கிற செம்பூர் ரோடு மாதிரி வந்தது. அவிழ்க்க மனமில்லாமல் அப்படியே படுத்திருந்தேன். மைனி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகளிடமெல்லாம், தனக்குத் தெரிந்த இந்தியில், "ஈசிஜி எடுத்தா ஹூக் நிகாலோ, சரம் மத் கரோ" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். ஹூக்கைக் கழற்று, வெட்கப்படாதே என்று பொருள். பழைய ஈசிஜி பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "நான்தானட்டி மூடுனேன்" என்றாள். "ரெண்டு பேரும்தான் மைனி" என்றேன். கஞ்சி ஆறும்வரை ஆற்றினாள். ஆறிய பிறகும் ஆற்றினாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், பார்வையாளர் நேரத்தில், ஜெயா வந்தாள். கடைச் சீருடையோடு வந்திருந்தாள். ஆப்பிள் இல்லை. கட்டில் காலடியில் நின்றாள்.

"எப்படி இருக்கீங்க சித்தி?" என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் தெரிந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"அம்மா சொன்னது நெசந்தானே சித்தி? நீங்களும் அதத்தான் சொன்னீங்கன்னு எதிர்வீட்டு அத்தை சொல்லுச்சு."

"நெசம்தான் ஜெயா."

"நான் மொபைல்ல டார்ச் அடிச்சுக் காட்டுனேன் சித்தி. பாரு, யாரும் இல்லன்னு. மூலையெல்லாம் அடிச்சுக் காட்டுனேன். அவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொல்லவே இல்ல." உதட்டைக் கடித்தாள். "எப்படி இருக்கும் அது? நான் அவகிட்டக் கேக்கவே இல்ல."

எழுதத் தெரிந்தவள் என்று பெயர். நான் டாக்டரிடம் சொன்ன வார்த்தை எல்லாம் அவளிடம் சொல்லத் தகுதியில்லாததாக இருந்தது.

"இப்படி உக்காரு. திரும்பு" என்றேன்.

கட்டில் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கட்டுப்போடாத இடது கையை எடுத்து, அவளுடைய தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்தேன். மழையில் வந்திருந்தாள், சீருடை ஈரமாக இருந்தது.

"இங்கனயா?"

"இங்கனதான்."

"இவ்வளவுதானா?"

"இல்ல."

உள்ளங்கையை விரித்தேன். மெதுவாக, பொறுமையாக, அது செய்ததுபோலவே அழுத்தினேன். எனக்கு அது எப்படிச் செய்யும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் மூச்சு நின்று, பிறகு வந்தது. எதிரே இருந்த மைனி தூக்குச்சட்டியை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

போதும் என்று கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க சித்தி" என்றாள் ஜெயா, திரும்பாமல்.

எடுக்கவில்லை.